வெளியே போட்ட பூட்டு

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும், தீப்பாதுகாப்புப் படிப்பிலும், பிறகு வேலையிலும் என் தோழி என்னோடுதான் இருந்தாள். மதிப்பெண்ணில் எப்போதும் எனக்குப் பின்னால். நேர்காணல் வைத்துத் தரும் பதிவுபெற்ற பொறியாளர் தகுதி மட்டும் அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவள் நீட்டிய லட்டைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நேர்காணல்ல அப்படி என்னட்டி சொன்ன?"

"நீ செஞ்ச தப்பு ஒண்ணைச் சொல்லுன்னாங்க. சோதனைக்குப் போன கம்பம்மெட்டு ஏலக்காய் ஸ்டோரைச் சொன்னேன். உள்ள ஆளு காய் உலர்த்தயில, களவுக்குப் பயந்து வெளிய பூட்டிருந்தாங்கல்லா? அதைப் பார்த்தும் சரின்னு எழுதிட்டேன். மறுநாள் திரும்பப் போயி பூட்டை எடுக்க வச்சேன்."

என்னிடமும் அதையேதான் கேட்டார்கள். நான் தப்பே செய்ததில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

அந்த ஸ்டோர் அறிக்கையில் முதல் கையெழுத்து என்னுடையது.