ஏழாம் எண் ட்ரம்

வெங்காயம்கூட வாசல் தாண்டாத வலியசாலை அக்ரஹார வீட்டில் வளர்ந்த எனக்கு, பன்றிச் சாணம் அள்ளும் வேலைதான் வாய்த்தது. ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். பொன்முடிக்குப் போகும் வழியில் இருக்கும் பண்ணைகளில் மாதிரி எடுத்து வருவேன். பன்றிக் குடலில் இருக்கும் ஒரு காமாலை வைரஸைத் தேடுகிறோம். பன்றியிடம் இருக்கும் வகை வேறு, நம் ஊரில் மனிதரைப் பிடிக்கும் வகை வேறு என்கிறார்கள். அங்கிருந்து இங்கே தாவுமா என்றால், தெரியாது. தெரியாததால்தான் எனக்குச் சம்பளம். அந்தக் காமாலை கர்ப்பிணிகளுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

பண்ணைகளில் தீனி என்பது நகரத்து ஹோட்டல் மிச்சமும் மண்டபத்து எச்சிலும்தான். நீல ட்ரம்களில் வந்து இறங்கும். ஒரு நாள், சாணம் அப்பிக் கிடந்த ட்ரம் ஒன்றைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி மாதிரி எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு மார்க்கரால் ஏழு என்று எழுதி வைத்தேன். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவது என் வழக்கம். பள்ளியில் அடி வாங்கியும் போகாத வழக்கம்.

அடுத்த வாரம் மனைவிக்குச் சீமந்தம். சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம் கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். குழாயடியில் ஒரு நீல ட்ரம். அதில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. விளிம்பில் காய்ந்த சாணம்கூட அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் ட்ரம்மில் பட்டு, பக்கத்து அண்டாவில் பச்சடிக்கு நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காய் மேல் தெறித்துக்கொண்டிருந்தது.

கிட்டே போனேன். சமையற்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கேயே நில்லுங்கோ. மடியாக்கும்."

"மாமா, அந்த ட்ரம் எங்கேர்ந்து வந்தது?"

"எச்சில் எலை எடுக்கறவன் கொண்டு வெச்சது. நாங்க யாரும் அதைத் தொடமாட்டோம், பயப்படாதேங்கோ."

சீமந்தப் பந்தியில் பன்றி என்று வாயைத் திறந்தால் பாதிப் பேர் இலையிலேயே வாந்தி எடுப்பார்கள். திறக்காவிட்டால்? அந்த ட்ரம்மின் பரிசோதனை முடிவே இன்னும் வரவில்லை. வைரஸ் இருக்கிறதா, இருந்தால் உயிரோடு இருக்கிறதா, இருந்தாலும் மனிதரை என்ன செய்யும், ஒன்றும் தெரியவில்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, வாயில் ஒரு பொய் வந்தது.

"வெள்ளரிக்காயில பல்லி விழுந்துடுத்து மாமா. நான் பார்த்தேன்."

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அண்டா அப்போதே சாக்கடைக்குப் போனது. பல்லிக்கு இருக்கும் மரியாதை எந்த வைரஸுக்கும் இல்லை.

நிம்மதியோடு கூடத்துக்கு வந்தால், முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. முன்னாலேயே செய்த பச்சடி எல்லா இலையிலும் இருந்தது. இத்தனை பேரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே முடியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே இலைதான். எடுத்து எறிந்தால் அபசகுனம் என்பார்கள். குனிந்து, மனைவியின் இலையிலிருந்த பச்சடியை வழித்து என் வாயில் போட்டுக்கொண்டேன். பந்தி முழுக்கச் சிரித்தது. "ஆம்படையாள் எச்சில் அமிர்தமாக்கும்" என்றார் ஒரு மாமா. எனக்குப் பயத்தில் ருசியே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏன்னா, பச்சடி அவ்வளவு பிடிக்கும்னா ஆத்துலயே பண்ணித் தருவேனே? எனக்கும் பிடிச்சுது. நீங்க எடுத்துண்டது ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினதாக்கும்."

பரிசோதனை முடிவு வந்தது. வைரஸின் தடயம் உண்டு, உயிரோடு இருந்ததா என்று சொல்ல இயலாது.

தினமும் காலையில் காப்பி கொண்டு வருபவளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, கண்களை உற்றுப் பார்த்தேன். மஞ்சளா, வெயிலா என்று பிரித்தறியத் தெரியவில்லை.

"என்ன இது புதுசா?" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.