கித்தாக் காட்டில் ஒரு கம்பளிக் கோட்டு

எங்கள் தோட்டத்திலும் குளிர்காலம் உண்டு என்று என்னிடம் முதலில் சொன்னவர் என் சித்திதான். வெயிலும் மழையும் மட்டுமே மாறி மாறி வரும் கோலா சாவாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. உடனே நம்பிவிட்டேன்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சிரம்பானில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டு தெமியாங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அம்மா சித்தியோடு நேராகப் பேசுவதில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் என் வழியாகச் சொல்வார், அவ்வளவுதான். சித்தி எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, "உன் சித்திய சாப்பிடச் சொல்லு" என்பார். நானும் திரும்பி, "சித்தி, சாப்பிடுங்க" என்பேன். இந்தப் பொறுப்பு எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சித்தி வந்தபோது ஒரு கோட்டு கொண்டுவந்திருந்தார். சிரம்பானில் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் வாங்கியது. கருஞ்சிவப்பு நிறம், முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், தடித்த கம்பளி. அதை நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா அந்த நாற்காலியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டே போனார்.

"எடுத்து உள்ள வைக்கச் சொல்லு. தூசி படும்."

அது இலை உதிரும் பருவம். சீனப் பெருநாளையொட்டி, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களின் இலைகள் மஞ்சளாகி, சிவந்து, கொட்டத் தொடங்கும். பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டும் அம்மாவுக்கு அதன் பொருள் பால் குறையும் என்பதும், வாசலை இரண்டு தடவை கூட்ட வேண்டும் என்பதும்தான். சித்தி வேறு மாதிரி சொன்னார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் இதை 'விண்டர்' என்றேதான் சொல்வார்களாம்.

"நம்ம ஊரு விண்டர்டி இது. வா, போட்டோ புடிச்சிட்டு வரலாம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். சித்தியின் தோளில் கோட்டு, என் கையில் அவருடைய கைப்பேசி. தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டி, ஓடையைக் கடந்து, மேட்டுக்காட்டில் ஏறினோம். அங்கேதான் பழைய மரங்கள் நின்றன. வழக்கமாகப் பட்டப்பகலிலும் இருட்டாகக் கிடக்கும் காடு அது. அன்று வானம் மொத்தமும் உள்ளே இறங்கியிருந்தது. இலையில்லாத கிளைகளுக்கு நடுவே மூடுபனி நின்றது. தரை முழுக்கச் செம்பு நிறம். ஒற்றையடிப் பாதையைக்கூட இலைகள் மூடிவிட்டதால், கால் போன பக்கமெல்லாம் நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் அப்பளம் நொறுங்கும் சத்தம். நான் தினமும் பார்த்த தோட்டம்தான். ஆனால் யாரோ இரவோடு இரவாக மாற்றி வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

சித்தி கோட்டை மாட்டிக்கொண்டு மரத்தில் சாய்ந்தார். இலைகளை வாரி மேலே வீசினார். நான் எடுத்துத் தள்ளினேன். பாதிப் படங்களில் என் விரல் விழுந்தது. ஒரு படத்துக்குள் தோட்டத்து மாடு ஒன்று நிதானமாக நடந்து வந்து நின்றது. "பரவால்ல, அதுக்கும் விண்டர்தானே" என்றார் சித்தி. மரங்களில் கட்டியிருந்த பால் கோப்பைகள் தெரியாமல் எடுக்க நான் குனிந்து வளைந்தபோது மட்டும் தடுத்தார்.

"கோப்பையும் தெரியட்டும். இல்லன்னா எந்த ஊருன்னு எனக்கே மறந்துரும்."

பனி விலகி வெயில் ஏறியது. சித்தியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனாலும், "கடைசியா ஒன்னு, நல்லா குளிர்ற மாதிரி" என்று சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு பற்களைக் கடகடவென்று அடித்து நடுங்கினார். அந்த நேரம் பார்த்து மண்டோர் மாமா மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். ஞாயிறானாலும் காட்டை ஒரு சுற்று சுற்றாமல் இருக்கமாட்டார்.

"என்னம்மா, காய்ச்சலா?"

சித்திக்குக் குறும்பு. நடுக்கத்தை நிறுத்தாமலே, "ரொம்பக் குளிருதுண்ணே" என்றார்.

மண்டோர் மாமா வெயிலை ஒரு தடவை பார்த்தார், சித்தியை ஒரு தடவை பார்த்தார். மோட்டாரைத் திருப்பிப் பறந்தார். நாங்கள் இலைகளில் விழுந்து சிரித்தோம். அவர் எங்கே போகிறார் என்று இருவருமே யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தார். மேட்டுக்குக் கீழே மரங்களுக்கிடையில் அவர் ஓடிவருவதை நான் கைப்பேசித் திரையில்தான் முதலில் பார்த்தேன், பார்த்தவுடன் அமுக்கிவிட்டேன். ஒரு கையில் போர்வை, மறு கையில் அறுந்துபோன சிலிப்பர், காலடியில் இலைகள் தெறிக்கின்றன. அந்தப் படத்தில் என் விரல் விழவில்லை.

"என்னாடி செய்யுது? டெங்கியா? எத்தனை நாளா?" சித்தியின் நெற்றியில் கையை வைத்த அம்மா அலறினார். "ஐயோ, கொதிக்குதே!"

"அக்கா, ஒன்னும் இல்ல லா. கோட்டுனால. சும்மா போட்டோவுக்கு..."

அம்மா சித்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போர்வையைச் சுருட்டி அவர் தோளில் ஒரு போடு போட்டார்.

"விளையாட்டாடி உனக்கு? அங்க போயி நிசமாவே படுத்துட்டா யாரு ஓடி வருவா? இப்படியே போர்வைய தூக்கிக்கிட்டு நான் பிளேன்ல ஏறவா?"

சொல்லி முடித்ததும் அந்தக் காட்சி அவருக்கே கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். உதடு கோணியது; சிரித்துவிட்டார். சித்தியும் சிரித்தார். இரண்டு பேரும் இலைகளின் மேல் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் வழியாக இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகு மூவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அம்மா கலைந்த கூந்தலைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து வெட்டுபவருக்கு மரத்தின் பட்டைதான் பழக்கம்.

"பரவால்ல, அழகாத்தான் இருக்கு" என்றவர் திடீரென்று, "கழட்டு அத" என்றார்.

கோட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். கழுத்துவரை பொத்தான் போட்டார். காலரைத் தூக்கிவிட்டார். அப்படியே சுள்ளென்ற வெயிலில் வீட்டுக்கு நடந்தார். லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து, "துரைசாணி எங்கருந்து வராங்க?" என்று கேலி செய்தார்கள். அம்மா கண்டுகொள்ளவில்லை. நடந்துகொண்டே பைகளுக்குள் கையை விட்டுத் துழாவினார், உள்துணியைத் தேய்த்துப் பார்த்தார், தையல்களை இழுத்துப் பார்த்தார்.

அம்மாவுக்குக் கோட்டின் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தியின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மாவுக்கே குடுத்திருங்க சித்தி, பாவம்" என்று ரகசியமாகச் சொன்னேன். சித்தி என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தும் அம்மா அதைக் கழற்றவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, நாடியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றார். எதையோ உள்ளுக்குள் அளந்து பார்ப்பவர் போல் கண்ணை மூடியிருந்தார். பிறகு சித்தியைப் பார்த்துக் கேட்டார்.

"பனி கொட்டுறப்ப இது தாங்குமாடி? எனக்கு என்னமோ பத்தாதுன்னு தோணுது."

வேர்வையில் குளித்துக்கொண்டு, சூடு பத்தாது என்று சொல்லும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது என்று பயந்து, தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.