பஞ்சாங்கமும் இரத்த அட்டையும்

தந்தியைக் கொண்டுவந்தவர் மனோன்மணி அக்காவின் தமையனார். சண்டிலிப்பாயிலிருந்து அச்சுவேலி வரை சைக்கிள் மிதித்து வந்து, எங்கள் பாடசாலை விறாந்தையில் என் வகுப்பு முடியும்வரை நின்றிருக்கிறார். அயலவர் ஒருவர் ஏற்கெனவே அந்த ஆங்கிலத்தை அவருக்கு வாசித்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் என்னிடம் நீட்டினார். மனோன்மணி நேற்று ஆஸ்பத்திரியில் காலமானார், கடிதம் பின்னால் வரும் என்று, சாம்பியாவில் அக்கா படிப்பித்த பாடசாலையின் அதிபர் அனுப்பியிருந்தார். வேறொன்றும் இல்லை.

“இரத்தம் எண்டு ஏதும் போட்டிருக்கோ, ரீச்சர்?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“உந்தக் குளிசைதான் ஆளைக் கொண்டுபோட்டுது எண்டு சனம் கதைக்கப்போகுது.”

சனத்தின்மேல் போட்டுச் சொன்னாரே தவிர, அந்தப் பயம் அவருக்கே இருந்தது. எனக்கும் இருந்தது. அந்த மாத்திரைக்காக அக்கா வைத்திருந்த கணக்கு எங்கேயாவது பிழைத்துவிட்டதோ என்று அன்று முழுவதும் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று இந்தக் கல்வெட்டை, அக்காவின் நினைவுப் புத்தகத்தை, கையில் பெறும் உங்களில் பலர் அவரிடம் கணிதம் படித்தவர்கள். கரும்பலகையில் ஒரு வரியைக்கூட விட்டுப் பாயவிடாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் புது ஆசிரியையாக வந்தபோது விடுதியில் அவரோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தேன். என் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே பெருகிக்கொண்டே போனதை ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிறகு ஒப்பந்தத்தில் சாம்பியா போனார். அதன்பின் நடந்தவை உங்களில் அநேகருக்குத் தெரியாது. எனக்கு அவை நீல வான்கடிதங்களில் வந்தன.

அங்கே போன மூன்றாம் வருடம், வகுப்பில் எழுதிக்கொண்டு நின்றபோது வலக்கையிலிருந்து சோக்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு அந்தக் கை வரவில்லை. பாரிசவாதம். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தின் ஒரு கதவைப் பழுதாக்கியிருந்ததாம். அங்கே கட்டிபட்ட இரத்தம் மூளைக்குப் போய்விட்டது. பேச்சு ஒரு கிழமையில் திரும்பியது. கை முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் இடக்கையால் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். “எழுத்தைப் பாத்துப் பிள்ளையள் சிரிக்குதுகள். விடை நேராய் இருந்தால் போதும் எண்டிருக்கிறன்” என்று எனக்கு எழுதினார். அந்தக் கடிதமும் இடக்கையால் எழுதியதுதான்.

இரத்தம் மீண்டும் கட்டிபடாமல் இருக்க வார்பரின் என்ற குளிசையைத் தந்தார்கள். அளவு கூடினால் இரத்தம் நிற்காது. குறைந்தால் பழையபடி கட்டிபடும். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, அது உறைய எத்தனை விநாடி செல்கிறது என்று பார்த்து ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். பரதேசத்தில் தனியே இருக்கும் பெண் அந்த விநாடிகளை நம்பித்தான் உயிர் வாழவேண்டும்.

அந்த வருடம் அவர் கந்தசஷ்டி பிடித்தார். உயிரைத் தந்த முருகனுக்கு நன்றிக்கடன் என்று, ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும். ஐந்தாம் நாள் பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. தொடையில் கருநீலமாய்க் கண்டியது. டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். வேறு மருந்து எடுத்தீர்களா, விழுந்தீர்களா என்றெல்லாம். அக்கா விரதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கும்பிடுகிற விஷயத்தை ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால் எடுத்துச் சொல்ல வெட்கம். அவர் குளிசையைக் குறைத்தார். விரதம் முடிந்தது. அந்த ஊரார் நாளாந்தம் உண்ணும் பூசணியிலைக் கறியை, ஆறு நாள் பசிக்கும் சேர்த்து, பாறணை என்று நிறையச் சாப்பிட்டார். அடுத்த கிழமை ஒருநாள் காலை வலக்கை ஒரு மணித்தியாலம் மரத்துக் கிடந்தது.

டொக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சுவரிலிருந்த பஞ்சாங்க நாட்காட்டியைக் கழற்றி, இரத்த அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். நீண்ட விரதங்களை அடுத்து விநாடிகள் ஏறியிருந்தன. அகத்தி கிடைக்காத ஊரில் கண்ட கீரையெல்லாம் தின்று பாறணை செய்த கிழமைகளில் இறங்கியிருந்தன. ஒரு வருடத்து விநாடிகளும் விரதங்களும் ஒன்றோடொன்று பொருந்தின. மறுநாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் டொக்டரின் மேசையில் வைத்து, நான் பட்டினி கிடந்ததை உங்களுக்கு மறைத்தேன் என்று சொன்னார். அவர் கோபிக்கவில்லையாம். இலைக்கறியில் உள்ள ஒரு சத்து இந்தக் குளிசைக்கு எதிராக வேலை செய்கிறது என்று விளக்கி, தின்பதையும் விடுவதையும்பற்றி எனக்குக் கவலையில்லை, எந்நாளும் ஒரே அளவாகத் தின்னுங்கள் என்றாராம். அன்றிலிருந்து ஒரு கைப்பிடி கீரை. பண்டிகைக்கும் அதுதான், பசிக்கும் அதுதான்.

அடுத்த ஒப்பந்த விடுமுறையில், குளிசைப் போத்தலும் அட்டையும் அந்த வருடத்து நாட்காட்டியுமாக ஊருக்கு வந்தார். வந்த கிழமையே தாயார் சொன்னார்: கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நீ மிளகும் தண்ணியுமாய் இருப்பாய் என்று உனக்கு நோய் வந்தபோதே நேர்ந்துவிட்டேன். அக்காவைப் பார்க்கப் போய் நான் அப்போது அவர்களின் சண்டிலிப்பாய் வீட்டில் இருந்தேன். தன்னால் ஏலாது, ஒரு பிடி கீரையாவது தின்னவேண்டும் என்று அக்கா சொன்னதும் தமையனார் சிரித்தார்.

“வீட்டிலை ரெண்டு ஆடு நிக்குது. மூண்டாவது பிளேனிலை வந்திருக்கு.”

“ஆட்டுக்குப் பாரிசவாதம் வந்து கண்டிருக்கிறியளோ, அண்ணை?”

தாயார் சிரிக்கவில்லை. முருகன் தந்த உயிரை வைத்துக்கொண்டு ஆறு நாள் அவனுக்காக இருக்க மனமில்லையா என்று கேட்டு அழுதார். கிணற்றடியில் நான் அக்காவுக்கு ஒரு வழி சொன்னேன். விரதம் என்று சொல்லுங்கள், நான் கீரையைக் கொண்டுவந்து மறைவில் தருகிறேன் என்றேன். நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.

“ஒருக்கா மறைச்சுத்தானே கை மரத்தது,” என்றார். “அம்மாவை ஏமாத்திப்போட்டு அட்டையிலை என்னெண்டு எழுதிறது?”

அன்று பின்னேரம் அந்தப் பழைய நாட்காட்டியைத் தாயாரின் மடியில் விரித்தார். தாயார் விரத நாளை வாசிக்க, மகள் அட்டையிலிருந்து விநாடியை வாசித்தார். கந்தசஷ்டிக்கு வந்தபோது, முரசில் இரத்தம் வந்ததையும் சொன்னார். தாயார் அதற்குமேல் வாசிக்கவில்லை.

“உதை ஏன் எனக்கு எழுதேல்லை, பிள்ளை?”

“வெக்கமாக் கிடந்ததம்மா.”

சஷ்டி தொடங்கிய காலை தாயார் தோய்ந்துவிட்டு வந்து, ஈரச் சேலையோடு முருங்கையிலை ஆய்ந்து, தன் கையால் வறுத்து, ஒரு கைப்பிடி அளந்து மகளுக்கு முன்னால் வைத்தார். “நேர்ந்தது நான். நானே இருக்கிறன். நீ உதைத் திண்டுட்டுக் கோயிலுக்கு வா,” என்றார். ஆறு நாளும் அந்த வயதில் மிளகும் தண்ணீருமாக அவர்தான் இருந்தார். ஏழாம் நாள் பட்டணத்தில் அக்காவுக்கு இரத்தம் பார்த்தோம். விநாடிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. அதற்கு நேரே அட்டையில், தமிழில், ‘கந்தசஷ்டி, அம்மா’ என்று எழுதினார்.

இங்கேயே நின்றுவிடச் சொல்லித் தமையனார் கடைசிவரை வற்புறுத்தினார். பணத்துக்காகத் திரும்பிப் போகிறார் என்று ஊரில் கதைத்தார்கள். அந்த நாட்களில் இங்கே அந்தக் குளிசை தொடர்ந்து கிடைக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. “அங்கை குளிசை இருக்கு, இரத்தம் பாக்கிறாங்கள், படிப்பிக்க வகுப்பு இருக்கு. நான் உயிரோடை இருக்கிற இடம் அது, அண்ணை,” என்றார். தமையனார் பெட்டியைத் தூக்கினார். ஸ்டேஷன் வரை அவரே கொண்டுபோய்விட்டார்.

தந்திக்குப் பின்னான கடிதம் இரண்டு கிழமை கழித்து வந்தது. நியூமோனியாக் காய்ச்சல். இரத்தம் போகவுமில்லை, கட்டிபடவுமில்லை. இறப்பதற்கு முதல்நாள் எடுத்த இரத்தத்திலும் விநாடிகள் சரியாகவே இருந்தன. கடிதத்தோடு அட்டையும், அவ்வருடத்து நாட்காட்டியும் வந்தன. பாரிசவாதம் வந்த பிறகு எட்டு வருடம், ஒப்பந்த விடுமுறையைத் தவிர, ஒரு பாடசாலைத் தவணைகூட விடாமல் படிப்பித்தார் என்று அதிபர் எழுதியிருந்தார். இரத்தத்தைப் பற்றிய வரியைத் தமையனார் என்னை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

“அப்ப கணக்குப் பிழைக்கேல்லை,” என்றார்.

“இல்லை அண்ணை. பிழைக்கேல்லை.”

“உந்தக் குளிசைக் கதையைக் கல்வெட்டிலை எழுதும், ரீச்சர். சனம் அறியட்டும்.”

சொந்த விஷயங்களை எவரிடமும் எளிதில் சொல்லாதவள் நான். அடுத்தவருடையதை அச்சில் ஏற்றுவதற்கும் தயங்கினேன். அட்டையை அவர் வைத்துக்கொண்டு நாட்காட்டியை எனக்குத் தந்தார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. கடைசி மூன்று நாட்களின் கட்டங்களில் இடக்கை எழுத்து ஒன்றுக்கொன்று கோணிக்கொண்டு போகிறது. மூன்றிலும் ஒரே வாசகம்: ‘கீரை இல்லை. சாப்பிட முடியவில்லை. டொக்டரிடம் சொன்னேன்.’

அக்காவிடமிருந்து நான் எனக்கென வைத்துக்கொள்வது அந்தக் கடைசி இரண்டு சொற்களை.