இரவல் ஜெர்சி

என் அக்காவின் மூத்த மகளுக்குக் கோந்து என்று பெயர் வைத்தது மைதானம்தான். எந்தப் பந்தும் அவள் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மட்டையைக் கொடுத்தால் பத்து ரன்னுக்குமேல் தாங்கமாட்டாள். நாட்டு அணித் தேர்வுக்கு வருஷம் தவறாமல் போவாள். "ஃபீல்டிங் பிரமாதம்மா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். தட்டிக்கொடுத்தே ஒருத்தியை ஓரங்கட்டுவது எப்படி என்று அந்தத் தேர்வாளர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவள் தங்கை மட்டையடிப்பதில் கெட்டிக்காரி. அவளை எடுத்துக்கொண்டார்கள். கோந்து ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலைக்குப் போனாள். தங்கை ஆடும் நாளெல்லாம் லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். பொறாமை இருந்ததா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இருந்திருக்கும். பசியோடு இருக்கிறவள் அடுத்தவருக்குச் சோறு பரிமாறினால் வாசனை தெரியாமலா போகும்?

பக்கத்து நாட்டுப் பெண்கள் அணி தொடர் ஆட வந்தது. பயிற்சியின்போது அவர்களுக்குப் பந்து பொறுக்கிப்போட உள்ளூர்ப் பெண்கள் சிலரைக் கேட்டார்கள். கோந்தும் போனாள். தங்கைக்கோ அந்தத் தொடர் வாழ்வா சாவா. முதல் இரண்டு ஆட்டங்களிலும் போன வேகத்தில் திரும்பிவிட்டாள். கடைசி ஆட்டத்திலும் சொதப்பினால் வீட்டுக்குத்தான் என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று விருந்தாளி அணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். பதினொரு பேரைத் தேற்றி இறக்கினார்கள். நடுவில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. மாற்றாக நிற்க அவர்களிடம் ஆள் இல்லை. இரண்டு பக்க அதிகாரிகளும் பேசி, கோந்தை ஃபீல்டிங்குக்கு மட்டும் இறக்கச் சம்மதித்தார்கள். யாருடைய ஜெர்சியையோ கொடுத்தார்கள். முதுகில் இருந்த பெயரின்மேல் வெள்ளை டேப்பைச் சுருக்கம் விழாமல் அவளே ஒட்டி மறைத்தாள். தொழில் பழக்கம்.

அக்காவும் நானும் கேலரியில் இருந்தோம். இவளை எதற்கு எதிரிப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்னவள் நாற்பதைத் தாண்டியிருந்தாள். ஐம்பது அடித்துவிட்டால் தப்பித்துவிடுவாள்.

அப்போதுதான் ஒரு பந்தைத் தூக்கி அடித்தாள். சிக்ஸர் என்றுதான் எல்லாரும் எழுந்தோம். கோந்து பின்னாலேயே ஓடி, எல்லைக்கோட்டுக்கு உள்ளே பாய்ந்து, ஒற்றைக் கையால் பிடித்துவிட்டாள். எழுந்து பந்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி வாய் கொள்ளாமல் சிரித்தாள். பக்கத்து நாட்டுப் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் தங்கை இருந்த பக்கம் திரும்பினாள். முகம் செத்துப்போயிற்று.

ஸ்கோர் பலகையில் அவள் பெயர் வரவில்லை. மாற்று ஆள் பிடித்ததாக மட்டும் போட்டார்கள். டிவிக்காரர்கள் விட்டார்களா? அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கூட இருந்தே குழி பறித்தவள் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பேசினார்கள். அடுத்த தொடருக்கான அணியில் சின்னவள் இல்லை.

கோந்தும் தங்கையும் ஒரே அறையில் படுத்தார்கள், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. மாதக்கணக்கில் இதைப் பார்த்துச் சலித்துப்போய், ஒருநாள் நான் பஞ்சாயத்துக்குப் போனேன். எனக்கு எதற்கு அந்த வேலை? கோந்து கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பந்து வந்தால் பிடிக்காமல் என்ன செய்வாள், வேண்டுமென்றே விட்டிருந்தால் இரண்டு பேருக்கும்தானே கெட்ட பெயர் என்று சின்னவளிடம் சொன்னேன்.

"பிடிச்சதுக்கு எனக்குக் கோபமே இல்ல மாமா," என்றாள் அவள். "ஆனா சிரிச்சா பாருங்க. அக்கா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

கோந்து மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அடிச்சது நீன்னே அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் இல்லடி."

"அதைத்தான்க்கா நானும் சொல்றேன்," என்றாள் சின்னவள். தன் தலையணையை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டாள்.