காபி போட்டதால் கருகிய புருவம்

டெக்சாஸ் இர்விங்கில் இருக்கிறோம். என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் திணறித் திணறி ஓடியதால், விரிசல் விட்ட ஸ்பார்க் பிளக் வயர்களை நானே மாற்ற ஆரம்பித்தேன். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இடம் மாறினால் பெட்ரோல் தப்பான நேரத்தில் பற்றிக்கொள்ளும்; விபரீதம்.

கணவரின் ஆபீஸ் நண்பர் சேகர் வந்தார். "என்ன சிஸ்டர், ஒண்ணொண்ணா பண்றீங்க? எல்லாத்தையும் பேரலல்லா முடிக்கலாமே!" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி தராமல் இருக்க முடியுமா? கணவரை அவரோடு காரருகே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

டம்ளரோடு திரும்பினால், மகானுபாவர் எல்லா வயரையும் பிடுங்கி, புதியவற்றை இஷ்டத்துக்குச் செருகி, சாவியையும் திருப்பிக்கொண்டிருந்தார். டமார் என்ற சத்தத்தோடு கார்புரேட்டரிலிருந்து தீ சீறியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவரின் புருவம் கருகியது. கண் தப்பியது கடவுள் புண்ணியம்.

"பழைய காருன்னா அப்படித்தான் சிஸ்டர்" என்றபடி காபிக்குக் கை நீட்டினார் சேகர்.

அதை அப்படியே செடியில் ஊற்றினேன்.

இப்போதெல்லாம் பானெட் திறந்திருக்கும்போது யார் வந்தாலும் எங்கள் வீட்டில் காபி கிடையாது. சேகருக்கு, மூடியிருந்தாலும் கிடையாது.