கூத்தாநல்லூர் அக்குபஞ்சரும் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மனைவியின் வலது முழங்கால் வலிக்காகக் கூத்தாநல்லூரில் அக்குபஞ்சர் பார்க்கும் ஒருவரிடம் போய்வந்தோம். அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஆனால் என் சந்தேகங்களில் பாதி தவறாக முடிந்திருக்கின்றன. அதனால் வாயைத் திறக்காமல், பதினொரு கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். ஒன்பதாவதுதான் முக்கியம்: அவளுடைய இன்சுலினை நிறுத்தச் சொல்வார்களா? பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் ஊசி.

தஞ்சாவூரில் காலை 7.10க்குப் பேருந்து. வடுவூர் தாண்டி ஓர் அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு போனதால் மன்னார்குடி சேர 8.45 ஆயிற்று. அங்கிருந்து டவுன் பஸ். மனைவிக்கு டிக்கெட் இல்லை, எனக்குப் பதினைந்து ரூபாய். கூத்தாநல்லூரில் இறங்கியபோது 9.30. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

சிகிச்சை ஒரு வீட்டின் முன்னறையில். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் வலங்கைமான் பக்கத்து விவசாயி, அறுபது வயதிருக்கும். கேட்காமலே சொன்னார்: "எட்டு வருஷச் சுகருங்க. மூணே மாசம். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு." என் மனைவி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், எங்கள் முறை வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

சிகிச்சையாளர் மலேசியாவில் சில வருடம் இருந்து திரும்பியவர், மரியாதையான மனிதர். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஊசி புதியதா என்று கேட்டேன்; உறையை எங்கள் முன்னாலேயே பிரித்தார். வலிக்குமா? எறும்பு கடித்த மாதிரி. அப்படித்தான் இருந்தது என்று மனைவியும் சொன்னாள். எத்தனை தடவை வர வேண்டும்? "அதை உடம்பே சொல்லும்ங்க." அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒன்பதாவதை அவளே கேட்டாள்.

"ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருக்கக் கூடாதும்மா. அதை விட்டாத்தான் இது வேலை செய்யும்."

"இன்னைக்கு சாயங்காலத்துலேர்ந்து விட்டுடறேன்" என்றாள். நான் தாளை மடித்தேன். முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

எதிரே டீக்கடை. அந்த விவசாயியும் அங்கேதான் நின்றார். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எங்கள் வீட்டில் பல வருடம் கிடந்த அதே சர்க்கரை மாத்திரை.

"அது சுகர் மாத்திரைதானே?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"மெதுவா சார்" என்று சிரித்தார். "விட்டுட்டேன்னு சொன்னாத்தான் அவரு கை வைப்பாரு. விட்டா வீட்டுக்காரி சோறு போட மாட்டா. ரெண்டு பக்கமும் சமாளிக்கணும்ல. அங்க பெஞ்சுல பாதிப் பேரு இப்படித்தான்."

என் மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "உங்க பேச்சைக் கேட்டு நான் நிறுத்தியிருந்தா?"

"நீங்க நிஜமாவே நிறுத்துவீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. டீக்காசைக் கொடுத்துவிட்டு, "நிறுத்திடாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது மன்னார்குடியில் கம்பியைப் பிடிக்காமல் பஸ் ஏறினாள். அது ஊசியாலா, பெஞ்சில் இரண்டு மணி நேரம் காலுக்கு ஓய்வு கிடைத்ததாலா, எனக்குத் தெரியாது. மாலை ஏழரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டாள். மறுநாள் எங்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். முழங்காலுக்கு வேண்டுமானால் போய்க்கொள்ளுங்கள், இன்சுலினில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எந்த மருந்தையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பெஞ்சில் யாராவது குணமாகிவிட்டது என்று சொன்னால், இன்று காலை என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேளுங்கள். அந்த விவசாயிக்கு அப்போது டீ குடிக்கத் தோன்றியிராவிட்டால், நான் ஒரு வார்த்தையும் பேசாமல் அவளை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பேன்.