களஞ்சியத்துக்கு அடியில் ஆசாகெல் டர்லி

ஆசாகெல் டர்லி பத்தொன்பது வயதில் எங்கள் சபையாரோடு கைவண்டி தள்ளிக்கொண்டு சமவெளியைக் கடந்து யூட்டாவுக்கு வந்தவர். எங்கள் வில்லோ ஓடையிலிருந்து முதல் வாய்க்காலை வெட்டி, உப்புப் பூத்த மண்ணில் கோதுமை விளைவித்ததும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயதில், தன் களஞ்சியத் தரைக்கு அடியில், நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத குழியில் பதினான்கு மாதம் கிடந்தார்.

குற்றம், இரண்டு மனைவிகள். மூத்தவள் கெசையா, அவரோடு கைவண்டி தள்ளியவள். இளையவள் டென்மார்க்கிலிருந்து வந்த மார்கிட். கெசையாதான் மார்கிட்டின் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அன்றைக்கு எங்கள் சபையில் அது புண்ணியம். பிறகு சர்க்கார், ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்ற சட்டத்தை இறுக்கியது. சர்க்காரின் காவல் அதிகாரியான மார்ஷலின் ஆட்கள் வீடு வீடாகத் தேட ஆரம்பித்தார்கள்.

பலகை இடுக்கு வழியே அவருக்குத் தன் வயலில் ஒரு துண்டு தெரியும். பன்றிக்குப் போகும் வாளியில் மறைத்து, கெசையா பாலில் ஊறிய ரொட்டி கொண்டுவருவாள்.

"நம்ம தண்ணி முறை எப்ப?"

"செவ்வாக்கிழமை."

"மடையை முழுசாத் தொறந்துடாத, கரை அரிச்சுடும்."

"பதினாலு மாசமா நான்தானே தொறக்கறேன்? குழிக்குள்ள இருந்துக்கிட்டு வாய்க்கா வெட்டாதீங்க."

மார்கிட் ஓடைக்கு அக்கரையில் இருந்த மரக்குடிலில் தனியாக வசித்தாள். நிலா இல்லாத சில இரவுகளில் அவர் குழியை விட்டு வெளியேறி அங்கே போய்வருவார். அவளுக்கு ஏழாம் மாதம். போரடிப்பு நடந்த ஒரு மத்தியானம், சாக்கு எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்கு வந்தவளை மார்ஷலின் ஆட்கள் இருவர் மறித்தார்கள். ஆசாகெல் அவர்கள் காலடியில், பலகைக்குக் கீழேதான் இருந்தார்.

"ஏம்மா, வயித்துல இருக்கறதுக்கு அப்பன் யாரு?"

"தெரியாதுங்க."

"தெரியாதா? அத்தனை பேரா?"

"ஆமா. எண்ணிக்கை வச்சுக்கல."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது தரைப்பலகை எழும்பியது. முதுகு நிமிராமல், தாடி முழுக்க உமியோடு, ஆசாகெல் வெளியே தவழ்ந்து வந்தார்.

"அப்பன் நான்தான். அவ என் சம்சாரம். தொப்பியைக் கழட்டிட்டுப் பேசு."

மார்கிட் அவர் மார்பில் ஓங்கிக் குத்தினாள். "யாரு உங்களை வெளிய வரச் சொன்னது? வாய் கூசாம அதைச் சொல்லிட்டேனே, அது வீணாப் போச்சே!"

இளையவளை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தால் விடுதலை என்றார் நீதிபதி. "ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணியிருக்கேன், ஐயா," என்றார் இவர். ஆறு மாதம் சிறை. தாடியை மழித்து, கோடு போட்ட சட்டை மாட்டினார்கள்.

திரும்பி வந்தும் அக்கரை போக முடியவில்லை. மறுபடி பிடித்தால் இன்னும் நீண்ட சிறை. பிறந்த மகள் இங்கபோர்க் அவரை "மாமா" என்று கூப்பிடப் பழக்கப்பட்டாள். அவளுக்கு நான்கு வயதானபோது, இப்படிப்பட்ட திருமணங்கள் இனி வேண்டாம் என்று சபையே அறிவித்தது. எதற்காகக் குழிக்குள் கிடந்தோம் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு காலை கெசையா சொன்னாள்: "மார்கிட் வீட்டுக் கூரை ஒழுகுதாம். போய்ப் பாத்துட்டு வாங்க."

"மார்ஷல் ஆளுங்க?"

"கூரை வேயக் கூடாதுன்னு அவங்ககிட்ட சட்டம் இருக்கா? போங்க."

போனார். ஏணி அடியில் நின்ற இங்கபோர்க் கேட்டாள், "ஆணி வேணுமா, மாமா?"

"அப்பான்னு சொல்லு."

உள்ளிருந்து மார்கிட்டின் குரல் வந்தது. "வேண்டாம். வாயில வந்து பழகிடும். வெளியிலயும் சொல்லிடுவா."

அவர் கையை நீட்டி ஆணியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் உயிரோடிருந்தார். வேலியோ கூரையோ பழுதானால் மட்டும் அக்கரை போனார்.